காளைக் கன்றை வளர்ப்பதா, விற்பதா? பசறைத் தோட்டங்களின் கணக்கு

பசறைப் பக்கத் தோட்டங்களில் பசு ஈன்றது கிடாரி என்றால் வீடு மகிழ்கிறது. காளைக் கன்று, வடக்கில் நாம்பன் என்போமே, அது பிறந்தால் அன்றைக்கே கணக்குத் தொடங்கிவிடுகிறது. அது பால் தராது. தேயிலை மலையில் உழவும் இல்லை. இறைச்சிக்கு விற்பதற்காக மட்டுமே வளர்க்க வேண்டும்.

முதல் செலவு பால். நாளுக்கு 3 லீட்டர் வீதம் 60 நாள் குடித்தால் 180 லீட்டர். அது பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போயிருக்க வேண்டிய பால். பிறகு புல். உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தினமும் வேண்டும். 200 கிலோ கன்றுக்கு 20 கிலோ, அதாவது ஒரு தலைச்சுமை. நான் பேசிய அக்கா ஒருவர் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் இந்தச் சுமையை அறுக்கிறார். அந்த உழைப்புக்கு அவர் விலை போடவில்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. புல்லறுக்கும் நேரத்தை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், கன்றில் கிடைக்கும் 'இலாபத்தில்' பெரும்பகுதி அவருடைய சொந்தக் கூலிதான்.

ஊவாவில் மழை ஐப்பசியிலிருந்து தை வரை. ஆனி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்றில் புல் காய்கிறது. அப்போது பலரும் ஒரே நேரத்தில் விற்க முனைவதால் விலை இறங்குவது இயல்பு.

வியாபாரி தராசு கொண்டு வருவதில்லை, கண்ணால் மதிக்கிறார். ஒரு தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து இடுப்பு எலும்பின் பின்முனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 10840ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்றிமீற்றரில். சுற்றளவு 140, நீளம் 115 என்றால் சுமார் 208 கிலோ.

இதற்குள் அரசியலும் வருகிறது. 2020 செப்டம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. 2021 ஒக்டோபரில் சட்டத் திருத்தத்துக்கும் அனுமதி கொடுத்தது. நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. உண்பவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யும் யோசனையும் அதிலேயே இருந்தது. இறைச்சி வேண்டும், உள்ளூர் மாடு வேண்டாம் என்பது என்ன பொருளாதாரம்? இப்படி ஓர் அறிவிப்பு வந்தாலே பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம் போய்விடும்.

மட்டக்களப்பு மயிலத்தமடு பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 முதல் போராடுவதை அறிவோம். பசறையில் பறிபோக மேய்ச்சல் தரையே இல்லை. காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, லயத்தின் பின்னால் உள்ள மாட்டுப்பட்டிக்கு உறுதி இல்லை. கடன் கேட்டால் பிணை வைக்க எதுவுமில்லை. அதனால் கன்றுதான் வங்கி. பிள்ளையின் பள்ளிச் செலவு வந்ததும் அது போகிறது, எடை ஏறுமுன்பே.

என் கணிப்பு இது. புல்லறுக்க வீட்டில் தனியாக ஓர் ஆள் இல்லாதவர்கள் வைகாசிக்குள் விற்றுவிடலாம். வரம்போரம் கினியாப்புல் நட்டவர்கள் கச்சானைத் தாண்டி, மழைப் புல்லில் கன்று தேறும்வரை காத்திருக்கலாம். புண்ணாக்கைக் கடனுக்கு வாங்கி வளர்ப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.