மூக்கைத் தூக்கிய வண்டி

டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தி பையன் ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கினான். ஒரே ஒரு குறை. பின்பக்கம் உசந்து, முன்பக்கம் கும்பிடு போடுகிற மாதிரி குனிந்து நின்றது. பயலுக்குப் பொறுக்கவில்லை. 'லெவலிங் கிட்' வாங்கி மாட்டிவிட்டான். பெரிய சமாசாரமில்லை சார், முன்சக்கர ஸ்ட்ரட்டின் தலைமேல் வைக்கிற அலுமினியத் துண்டு. வண்டி இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. போட்டோ அனுப்பினான். நான் பி.காம். இரண்டு பக்கமும் டேலி ஆனதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான்.

போன மாதம் வீடு மாற்றினான். பின்னால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அரிசி மூட்டை (அங்கேயும்தான்!). ராத்திரி எதிரே வந்தவனெல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினான். "மரியாதை தெரியாத ஜனங்க" என்று இவன் திட்டிக்கொண்டே போக, ஒரு கார்க்காரன் கண் கூசிக் கோடு தாண்டி வந்து, மயிரிழையில் விலகிப் போனான். இவன் பெண்டாட்டி வீல்!

மெக்கானிக் சொன்னாராம்: பின்பக்கம் உசந்திருந்தது, ஏற்றப்போகிற சுமைக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த அட்வான்ஸ். பாரம் ஏறினால் தானாக மட்டமாகும். நீ முன்னால் தூக்கினாய், சுமை பின்னால் அமுக்கியது, ஹெட்லைட் ஆகாயம் பார்த்தது. அலைன்மென்ட்டும் பார்க்காததால் முன் டயர் ஓரமாய்த் தேய்ந்து போச்சு.

"கிட்டைக் கழற்றிட்டியாடா?"

"கழற்றுவதாவது! லைட்டை இறக்கிட்டேன், அலைன்மென்ட் பண்ணிட்டேன். போட்டோ பார்த்தீங்கல்ல அண்ணா?"