ஆயிரம் மணியும் ஐந்நூறு மணியும்

அமெரிக்காவில் மிஸௌரி, கான்ஸஸ் என்னும் இரு மாநிலங்களையும் பிரித்து நிற்கும் ஸ்டேட் லைன் ரோடு என்ற வீதியை நம் தொழிலினர் பலர் அறிந்திருப்பார்கள். அவ்வீதியின் கிழக்குப்புறத்தில், 500 மணி நேரமேனும் பயின்று பரீட்சையில் தேறி மாநில உரிமம் பெறாத ஒருவர் மசாஜ் சிகிச்சையை ஜீவனோபாயமாகக் கொள்ளச் சட்டம் இடந்தராது. மேற்குப்புறத்திலோ மாநில உரிமம் என்பதே கிடையாது, அந்தந்த நகரசபை இயற்றிய விதிகளே பிரமாணம். இன்னும் கிழக்கே சென்றால் ஹட்ஸன் நதியின் ஒரு கரையில் நியூ ஜெர்ஸி 500 மணி நேரத்துடன் திருப்தியடைய, மறுகரையில் நியூயார்க் 1000 மணி நேரம் கேட்கிறது. நதியைக் கடப்பதனால் மனித சரீரத்தின் தசைநார்கள் மாறிவிடுவதில்லையே!

உரிமமே வேண்டாம் என்று வாதிப்போரும் நம்முள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். நீண்ட விமான யாத்திரை முடித்து வந்த ஒருவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறியிருக்க, அதனை வெறும் தசைப்பிடிப்பென்று எண்ணி, நன்றாக அழுத்திவிடும்படி நம்மைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்குமாயின், அவ்வழுத்தத்தால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைத்து, பிராணனுக்கே அபாயம் விளைக்கக் கூடும். அந்த க்ஷணத்தில் கையை எடுத்துவிட்டு, அவரை உடனே வைத்தியரிடம் அனுப்பும் விவேகம் பழக்கத்தினால் மட்டும் வருவதன்று. நோய்க்கூறுகளைக் கற்பித்த ஆசிரியராலும், அதனைச் சோதித்த பரீட்சையாலும் வருவது. ஒஹையோ மாநிலம் 1910-களிலேயே இத்தொழிலை வைத்திய சபையின் மேற்பார்வையில் வைத்தது. அங்ஙனமின்றிப் போலீஸ் அனுமதிச் சீட்டோடு நம்மை நிறுத்திய நகரங்களிலோ, துர்நடத்தைச் சந்தேகம் ஒன்றே நம்மை அளக்கும் கோலாயிற்று. அந்த அவமானத்தை அனுபவித்தவர்கள் உரிமத்தை எளிதில் பழிக்கமாட்டார்கள்.

ஆகவே நமது ஆக்ஷேபம் உரிமத்தின்மீதன்று, அதன் தாறுமாறான அளவுகளின்மீதே. 2007 முதல் நடந்துவரும், 110 நிமிஷங்களில் 100 வினாக்களுக்கு விடையளிக்கும் எம்.பி.எல்.இ.எக்ஸ். பரீட்சையைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கின்றன; ஒரே பரீட்சையில் தேறியவர்களை வெவ்வேறு மணிக்கணக்கால் பிரித்து வைப்பதற்கு நியாயம் காண்பது கடினம். இராணுவத்தில் பணிபுரியும் கணவனுடனோ மனைவியுடனோ ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், போகுமிடமெல்லாம் புதிதாய் விண்ணப்பித்து, உத்தரவு வரும்வரை வருமானமின்றிக் காத்திருக்க நேர்கிறது.

625 மணி நேரப் பயிற்சியையோ அதற்கு ஈடானதையோ அடிப்படையாகக் கொண்டு, ஒரே உரிமத்தால் பல மாநிலங்களில் தொழில் செய்ய வகைசெய்யும் மாநிலங்களிடை உடன்படிக்கையை 2023-இல் நெவாடா முதலில் சட்டமாக்கியது. ஏழு மாநிலங்கள் ஏற்றால் அது அமலுக்கு வரும் என்பது நிபந்தனை. இதனை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். எனினும் 500 மணி நேரம் கற்று, இருபது வருஷம் பிழையின்றிப் பணிசெய்த மூத்தவர்களின் அநுபவம் ‘ஈடானது’ என்ற சொல்லுக்குள் அடங்குமாறு விதிகள் அமைய வேண்டும். அது அமையுமளவும் நமது சங்கங்கள் ஓயலாகாது.

உடன்படிக்கையில் சேர, மாநிலம் முதலில் தானே உரிமம் வழங்க வேண்டும். ஆதலால், ஸ்டேட் லைன் ரோட்டின் மேற்குப்புறத்து அன்பர்கள் அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு முன்பே தங்கள் பிரதிநிதிகளைக் கண்டு பேசத் தொடங்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.