பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க!



நம்ம கம்ப்யூட்டர் லேபின் பின்வரிசையில் ஏழு கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். "பழசாயிடுச்சு, இனிமே ஆகாது" என்று சொல்லி, இந்த வருஷக் கடைசியில் அவற்றைக் கழித்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கழித்தால் என்ன கிடைக்கும்? காயலாங்கடையில் கிலோ கணக்கு விலை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கம்ப்யூட்டர் யானை இல்லை நண்பர்களே! ஓடினால்தான் பொன்.

அதே லேபின் முன்வரிசையைப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு நாலு பேர். ஒருத்தர் மவுஸ் பிடிப்பார், மூணு பேர் வேடிக்கை பார்ப்போம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவங்களுக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ரெண்டு பீரியடுதான். அதனால் என் கருத்து இதுதான்: அந்த ஏழையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

எது பழசு?

உண்மையில் பழசானது மெஷின் இல்லை, அதில் இருக்கும் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுமக்களுக்கு நின்றுபோனது. விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், புது பிராசசர் வேண்டும். நம்ம மெஷின்களில் இருப்பதோ கோர் 2 டியோ பிராசசரும் 2 ஜிபி ராமும். சட்டை சின்னதாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்புவோமா?

பென் டிரைவில் ஒரு மருந்து

லினக்ஸை 1991-ல் உருவாக்கத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. இன்று அது உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கும் பொதுச்சொத்து. காசு கிடையாது. காப்பி எடுத்து நண்பனுக்குக் கொடுத்தால் திருட்டும் கிடையாது.

லினக்ஸில் பல வகை உண்டு. பழைய மெஷினுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுண்டு போன்ற எடை குறைந்தவை ஏற்றவை. மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் இடமும் போதும்.

செய்முறையும் சுலபம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. சுமார் 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். (பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும், ஜாக்கிரதை!) பிறகு மெஷினை ஆன் செய்யும்போது எஃப்12 மாதிரி அந்தந்த கம்பெனிக்கு உரிய பட்டனை அழுத்தி, பென் டிரைவிலிருந்து கிளம்பச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நெட், சவுண்டு, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்யலாம். பிடிக்கவில்லையா? பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், பழையபடி விண்டோஸ் வரும். இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் "டிஸ்க் முழுவதையும் அழி" என்ற இடத்தில் நிதானம் தேவை. அதற்கு முன்பே பழைய ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட வேண்டும்.

என் அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் இப்படித்தான் போன லீவில் போட்டேன். மாமா வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஓரங்கட்டி வைத்திருந்தது அது. இப்போது நான் பைத்தான் பழகுவது அதில்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: புது மெஷின் வேகம் வராது. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும். ஆனால் புரோகிராம் எழுத, தமிழில் டைப் அடிக்க, லிப்ரே ஆபீஸில் கணக்குப் போட தாராளமாகப் போதும்.

"ஆனா..." என்பவர்களுக்கு

"பரீட்சைக்கு உதவாதே" என்கிறான் என் பெஞ்சு நண்பன். 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பார் நண்பா! விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாகவே இருக்கிறது. வேர்ட் பிராசசர் பாடமும் ஓபன் ஆபீஸ் ரைட்டரில்தான். சி++, பைத்தான் ரெண்டும் லினக்ஸில் ஜோராக ஓடும்.

"எங்களுக்கு டேலி வேணுமே" என்பது காமர்ஸ் குரூப் தோழிகளின் கேள்வி. நியாயமான கேள்வி. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அதனால் முன்வரிசை மெஷின்களில் கை வைக்க வேண்டாம். நான் கேட்பது தூங்கும் ஏழை மட்டும்தான்.

"ரிப்பேர் ஆனா யார் பார்க்கிறது?" என்பது ஆசிரியர்களின் கவலை. நாங்கள் பார்க்கிறோம்! பக்கத்து மாநிலம் கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் ஐ.டி. பாடம் நடத்துகின்றன. அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தயாரித்துக் கொடுக்கிறது. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இன்னும் தள்ளிப்போடவும் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் மெஷின்களுக்கான இன்ஸ்டாலரே இல்லை. நம்ம ஏழும் 64-பிட் என்பதால் இன்றைக்குத் தப்பித்தோம். லினக்ஸும் எல்லாப் பழசுக்காகவும் என்றைக்கும் காத்திருக்காது.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஏழில் மூன்றை மட்டும், ஒரே ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சார் மேற்பார்வையில் எங்களிடம் கொடுங்கள். ஓடினால் மீதி நாலையும் தாருங்கள். ஓடாவிட்டால் கழித்துவிடுங்கள், நாங்களே தூக்கி வண்டியில் ஏற்றுகிறோம். நஷ்டம் ஒரு சனிக்கிழமைதான். லாபமோ, வேடிக்கை பார்க்கும் மூணு பேர் கையிலும் ஒரு மவுஸ்!

சிந்திப்பீர், ஆதரிப்பீர்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு