ரவுட்டர் மீது ஏன் பழி?

நிலாவெளியில் இணையம் மந்தமாகி முறையிட்டால் கிடைக்கும் முதல் பதில், "ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள்" என்பதுதான். போட்டேன்; பலமுறை போட்டேன். பிறகு, புதியது வாங்குங்கள் என்றார்கள். வாங்குமுன் ஒரு சோதனை செய்தேன்.

மடிக்கணினியின் வைஃபையை நிறுத்தி, கேபிளால் ரவுட்டருடன் இணைத்து வேகத்தை அளந்தேன். கேபிளில் வேகமாகவும் வைஃபையில் மந்தமாகவும் இருந்தால் குற்றம் வீட்டுக்குள்: தடித்த சுவர், தூரம், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையின் நெரிசல். எனக்கோ இரண்டிலும் ஒரே மந்தம். சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டர் அது. கோபுரத்தை நோக்கிய யன்னலருகே வைத்ததும் சற்றுத் தேறியது. ஆனால் விடிகாலை 5 மணிக்கு 20 மெகாபிட் காட்டிய அதே கருவி, இரவு 8 மணிக்கு 2ஐத் தாண்டவில்லை. இரவில் மட்டும் பழுதாகும் கருவியும் உண்டோ?

ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனோடு இணைந்த அனைவரும் பங்கிடுகிறோம். மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரை விடுதிகள் நிரம்பும்போது பங்காளிகளும் பெருகுகிறார்கள். விருந்தினர் வரட்டும்; ஊருக்கு அது பிழைப்பு. கொள்ளளவைக் கூட்டாமல் இணைப்புகளை விற்றுக்கொண்டே போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

விளம்பரங்களில் "இத்தனை மெகாபிட் வரை" என்கிறார்கள். அந்த "வரை"க்குள் 2உம் அடங்கிவிடுகிறதே! 1996 சட்டத்திருத்தத்தால் உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, நெரிசல் நேர வேகத்தையும் விளம்பரத்தில் அச்சிடச் செய்யவேண்டும். பத்து நாள் அளவீடுகளை, நேரம் குறித்து, என் முறைப்பாட்டுடன் அங்கே அனுப்புகிறேன்.