மின்சாரத்தால் மீன் பிடித்தலும் டிரௌட் மீனின் நலமும்

சென்னை சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் வாங்குவோர் செவுளின் செந்நிறத்தையும் கண்ணின் தெளிவையும் கண்டு சரக்கை மதிப்பிடுவர். உணவுக்குரிய மீனுக்கு இப்பரீட்சை போதும். உயிருடன் ஓடையில் திரும்ப விடப்படும் மீனுக்கோ புறத்தோற்றம் போதிய சாட்சியன்று.

பல தேசங்களில், ஓடையிலுள்ள டிரௌட் மீன்களைக் கணக்கிட விரும்புவோர் நீரில் மின்சாரம் பாய்ச்சி, அவற்றை மயக்கிப் பிடித்து, அளந்து, மீண்டும் விடுகின்றனர். மீன் சில நிமிஷங்களில் தெளிந்து நீந்திவிடுவதால் தீங்கில்லை என்று கருதுவோர் உளர். இக்கருத்து பொருந்தாது. மின்சாரம் தாக்குங்கால் உடலின் இருபுறத்துத் தசைகளும் ஒருங்கே இறுகுகின்றன. அவ்விசையால் முதுகெலும்பு நெரிந்து, உள்ளே இரத்தம் கசிவதுண்டு.

1988இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், கொலராடோ நதியில் இவ்வாறு பிடித்த வானவில் டிரௌட் மீன்களில் ஏறக்குறையப் பாதிக்கு முதுகெலும்பில் காயம் காணப்பட்டது. 1996இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், பிடித்த மீன்களை 335 நாட்கள் வைத்துப் பார்த்தனர். சாவில் பெரும் வேறுபாடு இல்லை. ஆயினும் கடுங்காயமுற்றவை நன்கு வளரவில்லை. எனவே, பிழைத்த மீன்களை மட்டும் எண்ணுதல் நஷ்டத்தை முழுதும் அறிவதாகாது.

நம் மாகாணத்திற்கும் இது அயல் விஷயமன்று. 1863இல் பிரான்சிஸ் டே என்பார் நீலகிரிக்கு டிரௌட் கொணர முயன்றது பலிக்கவில்லை. பின்னர் வில்ஸன் என்பாரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. இவ்வளவு பிரயாசையால் நிலைபெற்ற இனம் குளிர்ந்த சில ஓடைகளிலும் ஏரிகளிலும் மட்டுமே வாழ்வது. ஒரே மின்புலத்தில் நீண்ட உடலுக்கே மிகுந்த அழுத்தம் விழுமாதலால், பெரிய மீன்களே அதிகம் காயமுறும். முட்டையிட்டு இனம் பெருக்குவனவும் அவையே.

ஆதலின், நீலகிரியில் இம்முறையைக் கையாள நினைப்போர் துடிப்பில்லாத நேர்மின்சாரத்தையோ, துடிப்பு மிகக் குறைந்ததையோ கொள்ளுதல் வேண்டும். முட்டையிடும் காலத்தையும் முட்டை பொரியும் காலத்தையும் விலக்குதல் வேண்டும். ஒரே ஓடையில் அடிக்கடி பிரயோகித்தலும் தகாது. வலையாலோ தூண்டிலாலோ காரியம் முடியுமாயின் அதுவே நன்று. மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இணைப்பெடுத்து நீர்நிலைகளில் மீன் பிடிப்போர் செலுத்தும் மாறுமின்சாரம் யாவற்றினும் கொடியது; அது மனித உயிரையும் வாங்கும். அதை ஊரார் ஒருபோதும் பொறுத்தலாகாது.

நீந்திச் சென்ற மீன் நலமாயிருக்கிறதென்று கொள்ளாது, மறு வருஷமும் அது வளர்ந்து முட்டையிடுகிறதா என்று ஆராய்தலே மீன்வளத்தைக் காப்போர் கடமையாகும்.