ஊட்டி ஒன்றுதான் மலையா?

மீஞ்சூரில் அரையாண்டுப் பரீட்சை முடிகிற வாரத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான்: "ஊட்டிக்குப் போகிறோம்!" ஏன் ஊட்டி என்று கேட்டுப் பாருங்கள். "ஊட்டி என்றால் ஊட்டிதானே, ஸார்!" என்பதற்கு மேல் பதில் வராது. ஒரு புடவைக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள், வருஷமெல்லாம் சேர்த்த பணத்தைக் கொட்டிப் போகிற மலையை மட்டும் பேரைக் கேட்டே வாங்கிவிடுகிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மலைப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது, மற்றொன்று கோத்தகிரிக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மற்ற இரண்டும் ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. விஷயமெல்லாம் இந்த 400 மீட்டரில்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்வெளிமேல் வெள்ளை வெளேரென்று உறைபனி படிவதைப் பார்க்க ஆசையா? தாராளமாக ஊட்டிக்குப் போங்கள். ஆனால் இழுப்பு நோய்க்காரத் தாயாரையும் கைக்குழந்தையையும் அந்தக் குளிருக்குள் இழுத்துப் போவதற்கு உல்லாசம் என்றா பெயர்? அவர்களுக்குச் சற்றே தணிந்த கோத்தகிரி போதும்.

மாதத்தையும் பார்க்க வேண்டாமா? வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத்தான் பலமாகத் தாக்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர் மலை ரயிலை நம்பி இறங்கக் கூடாது. பொங்கலுக்குப் போகிறவர் ஓரளவு நம்பலாம்.

பழம்பெருமைதான் வேண்டுமென்றால் அதுவும் ஊட்டிக்கு மட்டும் சொந்தமல்ல. ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கமாகத்தான் மலையேறினார். ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கியது பிறகு, 1822இல். ரயிலும் 1899இல் குன்னூருக்கு வந்துவிட்டது. ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று.

"எல்லோரும் கோத்தகிரிக்குப் போனால் அதுவும் கெட்டுப் போகாதா?" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்பார். கெட்டுத்தான் போகும். எல்லோரும் கோத்தகிரிக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் உடம்பையும் மாதத்தையும் ஆசையையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். அப்படி யோசித்தால் கூட்டம் தானாகவே பிரியும். யோசிக்காததன் பலன் என்ன? சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

இதை மீஞ்சூர்க்காரர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் எரிகிற நிலக்கரியின் வெளிச்சம் ஊருக்கெல்லாம் போகிறது; சாம்பல் மட்டும் நமக்கு என்று குமுறுகிறவர்கள் நாம். குமுறுவது நியாயமே. ஆனால் நல்ல காற்றைத் தேடிப் போன இடத்தில் நாம் செய்வது என்ன? ஒரே ஊரின் தலையில் போய் விழுந்து, குளிர்ச்சியை எடுத்துக்கொண்டு, புகையையும் குப்பையையும் அங்கே விட்டுவிட்டு வருகிறோம். பிறருடைய சௌகரியத்துக்குக் குப்பைமேடாக இருப்பது எப்படிப்பட்டது என்று நம்மைவிட அறிந்தவர் யார்?

அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டுமுன், "எந்த மலை?" என்று ஒரு நிமிஷம் வீட்டில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.