சிரிப்புக்கும் அனுமதிச் சீட்டா?



மேடையில் ஒருவன் நின்று ஒரு வார்த்தை சொல்கிறான். கூடியிருக்கும் கூட்டம் குலுங்கிச் சிரிக்கிறது. கத்தியில்லை, கம்பில்லை, கல்லெறியும் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பொலி கேட்டு நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது? இந்தக் கேள்வியை இன்று நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது. விழாக்களில் நம் இளைஞர்கள் போடும் நகைச்சுவை நாடகத்தின் வசனத்தை முன்கூட்டியே நிர்வாகத்திடம் காட்டி ஒப்புதல் பெற்றுவிடலாமே என்னும் பேச்சு நம்மவர்களிடையேயே கிளம்பியிருக்கிறது. "வீண் வம்பு எதற்கு?" என்கிறார்கள். வம்பு எது, உரிமை எது என்று சற்றே பார்ப்போம்.

நாடகத்தைக் கண்டு அதிகாரத்திலிருப்போர் அஞ்சிய கதை நேற்று இன்று தொடங்கியதன்று. 1875-இல் வங்காளத்தில் தட்சிணாசரண் சட்டோபாத்யாய என்பவர் 'சா-கர் தர்ப்பண்' என்றொரு நாடகம் எழுதினார். தேயிலைத் தோட்டக்காரரைக் காட்டும் கண்ணாடி என்பது அதன் பொருள். தோட்டத் துரைமார் கூலிகளுக்கு இழைத்த கொடுமைகளை அது எடுத்துக் காட்டியது. மறு ஆண்டு, வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுக்குள் அழைத்து உபசரித்த கல்கத்தா வக்கீல் ஒருவரைக் கேலி செய்து ஒரு நகைச்சுவை நாடகம் அங்கே மேடையேறியது. போதாதா? அந்த 1876-ஆம் ஆண்டிலேயே வெள்ளை அரசாங்கம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மசோதாவைக் கொண்டுவந்த சட்ட உறுப்பினர் ஹாப்ஹவுஸ், தேயிலைத் தோட்ட நாடகத்தையும் ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டினார். தானா ராத்தாவில் தேயிலைக் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. கூலி கேட்டால் பேசி அனுப்பலாம். சிரித்தால் எப்படிப் பேசி அனுப்புவது?

தமிழ்நாட்டுக்கு வருவோம். நடிகவேள் எம்.ஆர்.ராதாவை அறியாத தமிழர் உண்டா? 1907-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பள்ளியில் படித்ததைவிட மேடையில் அதிகம் படித்தவர். பெரியாரின் கொள்கையை ஏற்று, அதை ஊர் ஊராகச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தைப் பல்லாண்டுக் காலம் நடத்தினார். 1954-இல் அது படமாகவும் வந்தது. எழுதிக் கொடுத்த வசனத்தோடு அவர் நிற்பதில்லை. அன்றைய செய்தியும் அன்றைய அரசியலும் அன்றிரவே அவர் வாய்வழி மேடைக்கு வந்துவிடும். இன்று நகரங்களில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துத் தனியாளாக நின்று பேசிச் சிரிக்க வைக்கிறார்களே, அந்த வேலையை ராதா வேடம் போட்டுக்கொண்டே அன்றே செய்தார்.

ராமாயணத்தை அவர் தம் கொள்கைப்படி நாடகமாக்கியபோது தமிழ்நாடு இரண்டு பட்டது. 1954-இல், காமராசர் முதலமைச்சராயிருந்த சென்னை ராஜ்யத்தில், புதிய நாடகச் சட்டம் பிறந்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். ராதாவைக் கட்டிப்போடவே அது வந்தது என்று ஊரே பேசியது. தடைகளும் கைதுகளும் வந்தன. ராதா மேடையைவிட்டு இறங்கவில்லை. மலாயாவில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954-இல்தான். அங்கே ஒருவர் வாய் திறக்கும் உரிமைக்குப் போராடிய ஆண்டில், இங்கே நம் முன்னோர் ஒன்றுகூடும் உரிமையை நிலைநாட்டினர்.

அந்தச் சட்டம் எவ்வளவு காலம் உயிரோடிருந்தது தெரியுமா? எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! ராதா 1979-இலேயே மறைந்துவிட்டார். ஒரு கட்டுப்பாட்டைப் போடுவதற்குச் சில நாள் போதும். எடுப்பதற்கு ஒரு தலைமுறை போதாது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கேலிச்சித்திரக்காரர் சுனார்மீது 2015-இல், வெள்ளையர் காலத்துச் சட்டமான 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018-இல் ஆட்சி மாறிய பிறகே அவை கைவிடப்பட்டன. 2022-இல் கோலாலம்பூர் நகைச்சுவை மன்றமொன்றில் ஒருவர் மேடையில் செய்தது மதத்தை நிந்திப்பதாகச் சர்ச்சை எழ, மாநகர மன்றம் அவ்விடத்தின் உரிமத்தையே ரத்து செய்தது. பிறர் சமயத்தைப் புண்படுத்துவது தவறென்பதே என் கருத்தும். ஆனால் ஒருவர் செய்ததற்காக எல்லோருடைய மேடையையும் மூடுவது எந்த ஊர் நியாயம்?

இனி நம் வீட்டு விஷயம். நாடகத்தில் கிராணி வேடம் வந்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும். காதில் பேனா, கையில் செக்ரோல், துரையைக் கண்டால் வளையும் முதுகு, தொழிலாளியைக் கண்டால் நிமிரும் முதுகு. கிராணிமார் சிலருக்கு இதனால் மனத்தாங்கல். நானும் கிராணிதான், என்னையும் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பால் நிறுவையில் குறைந்தால், முழு நாள் வேலைக்கு அரை நாள் பேர் விழுந்தால், எழுதிக் கொடுக்க அஞ்சும் தொழிலாளி அதைச் சிரித்துத்தான் சொல்லுவான். மனு எழுதத் தெரியாதவனின் மனு அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டு மறுநாள் தராசு நேராக நின்றால் யாருக்கு நஷ்டம்?

ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒன்றாகிவிடாது. ராதாவிடமே எடுத்துக்காட்டு இருக்கிறது. 'ரத்தக்கண்ணீர்' கதையில், செல்வச் செருக்கில் ஆடியவன் குற்றங்களுக்குக் கூலிபோலத் தொழுநோய் வருகிறது. பணக்காரனின் திமிரை அது பிளந்து காட்டியது உண்மை. ஆயினும் தொழுநோய் பாவத்தின் சம்பளமன்று. கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. 1930-இல் தொடங்கிய சுங்கை பூலோ குடியிருப்பில் ஊரையும் உறவையும் பிரிந்து கிடந்தவர்களுக்கு அந்தக் கதை என்ன ஆறுதல் தந்திருக்கும்? 1967-இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் ராதா தண்டனை பெற்றுச் சிறை சென்றதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நடிகனைத் தலைவனாக்கிக் கும்பிடாதீர்கள் என்று மேடைதோறும் சொன்னவர் அவர். அவரையும் கும்பிடாமல், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்வதே அவருக்கு மரியாதை.

நம் மேடைகளில் இப்போது ஒரு கெட்ட பழக்கம் நுழைந்திருக்கிறது. பங்களாதேஷ் தொழிலாளியின் பேச்சை இழுத்துப் பேசிச் சிரிக்க வைப்பது, நேபாளத்தானின் நடையை நடந்து காட்டுவது. தோழர்களே, கப்பலேறி வந்திறங்கிய நம் பாட்டனின் பேச்சையும் வேட்டியையும் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சிரிப்பு நமக்கு இனித்ததா? அதே மலைச்சரிவில் அதே கொழுந்தைக் கொய்பவனை, அதே காட்டில் அதே பாலைச் சுமப்பவனை நாம் கேலி செய்தால், அவன் சங்கத்தின் பக்கமே திரும்ப மாட்டான். தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தால் சம்பளப் பேச்சில் யார் கை ஓங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே என் யோசனை இதுதான். நாடகப் பிரதியை நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டாம். இன்று நாமாகக் காட்டினால் நாளை அது வழக்கமாகும்; மறுநாள் அது விதியாகும். அதற்குப் பதிலாக, கிளைச் செயற்குழுவே நடிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரதியைப் படிக்கட்டும். சொல்லும் செய்தி உண்மையா, சிரிக்கப்படுகிறவன் திருப்பிப் பதில் சொல்லும் பலமுள்ளவனா என்று கேட்கட்டும். துரையும், மந்திரியும், கிராணியும், ஏன், சங்கத் தலைவரும் பதில் சொல்லும் பலமுள்ளவர்கள். அவர்களைத் தாராளமாகக் கேலி செய்யலாம். நோயாளியும், விதவையும், நேற்று வந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் அப்படியல்லர், அவர்களை விட்டுவிடுவோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருகிறேன்.

இன்னும் ஒரு சொல். துரை வேடத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, விடிந்ததும் பெரட்டில் வாய்மூடி நிற்பதானால், நாடகம் நமக்கு மருந்தாகாது; வலியை மறக்க வைக்கும் போதையாகும். சிரித்த கூட்டத்தில் எத்தனை பேர் சந்தா கட்டியிருக்கிறோம்? எத்தனை பேர் கூட்டத்துக்கு வருகிறோம்? மேடையில் ஒரு பிள்ளை துணிந்து பேசினால், அவனுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்க வேண்டும். அவன்மீது நடவடிக்கை என்று ஓலை வந்தால், சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அவன் தனியாகப் பேசலாம். தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

தானா ராத்தா தோட்டக் கிராணி ஒருவர்